நாம் வெட்டிய எட்டு வரிகள்

அண்ணாச்சி,

போன செவ்வாய்க்கிழமை காலை லேபில் இரண்டாவது ஆளுக்கு ரத்தம் எடுத்து முடித்து, குழாயில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். கைபேசி சிணுங்கியது. எங்கள் குடும்பக் குழுவில் என் நாத்தனார் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மேலே ‘பலமுறை அனுப்பப்பட்டது’ என்று குறி. காலை வணக்கமாக இருக்கும், ரோஜாப்பூவாக இருக்கும் என்று அலட்சியமாகத்தான் திறந்தேன். பார்த்தால் நம் தாள். நாலு விரல் அகலம், ஒரு முழ நீளம், ஓரத்தில் ஏதோ ஒரு தீப்பெட்டி லேபிளின் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் அதே தாள். ‘நெஞ்சு வலியும் வாய்வுப் பிடிப்பும்’ என்று நான் வைத்த தலைப்பு. கடைசி வரிக்கு மட்டும் எந்தப் புண்ணியவானோ மஞ்சள் அடித்திருந்தான். ‘நெஞ்சு வலி இல்லையென்றால் பதற வேண்டாம்.’

படத்துக்குக் கீழே நாத்தனார், “நம்ம ஊர்ல யாரோ நல்லா எழுதியிருக்காவ, எல்லாரும் படிங்க” என்று போட்டு, கும்பிடும் கை மூன்று வைத்திருந்தாள். நாம்தான் தாளில் ஒருநாளும் பெயர் போட்டதில்லையே, அவளுக்கு எப்படித் தெரியும்?

பஞ்சை முழங்கை மடிப்பில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள், “என்னக்கா, எனக்கு எடுத்த ரத்தத்தப் பாத்து ஒங்களுக்கு ஏன் வேர்க்கு?” என்று கேட்டார். ஒன்றுமில்லை, புழுக்கம் என்றேன். மின்விசிறி தலைக்கு மேல்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த வரியை எழுதியவள் நான். அதை நம்பி வீட்டில் படுத்திருந்து செத்தவர் நீங்கள். அந்த வரி தப்பு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களைப் பறிகொடுத்த மதினியிடம் சொல்லாமலே இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன். இப்போது அந்தத் தாள் யாரையும் கேட்காமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த வேண்டுமானால் தப்பு என்று நான் சொல்ல வேண்டும். தப்பு என்று உனக்கு எப்போது தெரியும் என்று கேட்பார்கள். முதலில் கேட்கப்போவது மதினிதான்.

நீங்கள் முதன்முதலாக லேபுக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை அளவு என்று சீட்டில் எழுதியிருந்ததைக் காட்டி என்னோடு மல்லுக்கு நின்றீர்கள். “நான் வெறும் வயித்துல இன்னைக்குத்தான் வந்திருக்கேன். மூணு மாசத்துக் கதை ஒங்களுக்கு எப்படித் தெரியும்? சும்மா காசு புடுங்கதுக்கா?” என்றீர்கள். பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்: ரத்தத்தில் இருக்கும் சிவப்பணு மூன்று, நான்கு மாதம்தான் உயிரோடு இருக்கும், அது பிறந்த நாளிலிருந்து சர்க்கரை அதன்மேல் ஒட்டிக்கொண்டே வரும், ஒட்டினது உதிராது, அதை அளந்தால் நீங்கள் இத்தனை நாள் என்ன தின்றீர்கள் என்று தெரிந்துபோகும்.

கோபப்படுவீர்கள் என்று பார்த்தால் சிரித்தீர்கள். “அப்ப என் ரத்தமே என்னப் பத்திக் கோள் சொல்லுதுங்கீங்க.” வரிசையில் நின்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம், “தங்கச்சி, இத அப்படியே எழுதிக் குடு. என் பிரஸ்ல லேபிள் வெட்டுன மிச்சத் தாள் மலையாக் கெடக்கு. அச்சடிச்சு ஊருக்கே குடுப்போம்” என்றீர்கள். வரும்போது இருந்த ‘நீங்க’ போய், போகும்போது ‘நீ’ ஆகிவிட்டது.

எழுதிக் கொடுத்தேன். மருத்துவப் பரிசோதனைப் படிப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை எல்லாம் கொட்டி எழுதினேன். மூலக்கூறு, பிணைப்பு, சதவீதம், செறிவு. நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “இதப் படிச்சா ஒருத்தனுக்கும் சர்க்கரை எறங்காது, கிறுக்குத்தான் ஏறும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. நாலாம் நாள் மறுபடி எழுதினேன். ரத்தம் நிரப்பிய குழாய்கள் இயந்திரத்தில் சுழன்று தெளியும் அந்தப் பத்து நிமிடத்தில் உட்கார்ந்து, வரிசையில் நின்ற ஆட்களுக்குச் சொல்வதுபோலவே எழுதினேன். அதுதான் நம் முதல் தாள்.

அப்புறம்தான் உங்கள் சோதனையைக் கொண்டுவந்தீர்கள். பிரஸில் லேபிள்களை எண்ணிக் கட்டுப்போடும் முத்துமாரியிடம் கட்டுரையைக் கொடுப்பீர்கள். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனால் எதையும் ஒரு தடவை படித்தால் போதும். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவி வந்ததும், “ஏட்டி, நேத்து என்ன படிச்ச? சொல்லு” என்பீர்கள். அவள் சொல்லச் சொல்ல நான் தாளில் கோடு போட்டுக்கொண்டே வருவேன். அவள் சொல்லாமல் விட்ட வரி எல்லாம் வெட்டு. “திருப்பிச் சொல்ல முடியாட்டி அவ தப்பு இல்ல, நம்ம தப்பு” என்பது உங்கள் சட்டம். எனக்கும் அது பெரிய ஞானமாகத் தெரிந்தது. இன்றும் பாதி சரி என்றுதான் நினைக்கிறேன். மீதிப் பாதிதான் என்னைத் தின்கிறது.

கரிசல் ஏன் வெடிக்கிறது என்று எழுதினோமே. மழை பெய்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும் என்று. அடுத்த வாரமே இடைசெவலிலிருந்து வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, பிரஸ் வாசலில் நின்று சத்தம் போட்டார். “இதச் சொல்லதுக்கு ஒரு தாளாய்யா? எங்க வீட்டு ஆட்டுக்குட்டி கூடச் சொல்லும். என் கரிசக்காடு கால் போற அளவுக்கு வெடிக்கு, பக்கத்துச் செவக்காடு வெடிக்க மாட்டங்கு. அது ஏன்னு சொல்லுங்க பாப்போம்!” நீங்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, என்னைப் போன் போட்டு வரவழைத்தீர்கள். எனக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? ஒரு வாரம் அலைந்து படித்து எழுதினேன். கரிசலில் இருக்கும் களி, தாள் தாளாக அடுக்கினதுபோல இருக்கும், அந்த இடுக்கில் தண்ணீர் புகுந்து தாள்களைத் தள்ளும், செவல் மண்ணில் இருக்கும் களிக்கு அந்த இடுக்கு திறக்காது. அந்தச் சம்சாரி மறுபடி வந்தார். “இப்பச் சொன்னீங்களே, இது பேச்சு” என்றார். உங்கள் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு லேபிள் கட்டு போகும்போதே தாளும் போகும். கயத்தாறு பஸ், மணியாச்சி பஸ் என்று கண்டக்டர்களிடம் ஒரு கட்டு கொடுத்துவிடுவீர்கள். இடிவெட்டும்போது ஏன் மரத்தடியில் நிற்கக் கூடாது, குச்சியைப் பெட்டியின் பக்கவாட்டில் உரசினால் மட்டும் ஏன் பற்றுகிறது, உப்புத்தண்ணீரில் பருப்பு ஏன் வேகாது. ஊருக்கு எது தேவையோ அதை எழுதினோம். நமக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது அண்ணாச்சி. நாம் எழுதினால் சனங்களுக்குப் புரிகிறது என்ற கர்வம்.

அந்த நெஞ்சு வலித் தாளுக்கு வருகிறேன். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் ஏற்றுகிறவர் ஒருவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வாய்வு என்று சோடா வாங்கிக் குடித்து, இரண்டாவது சோடா குடித்து முடிப்பதற்குள் சரிந்துவிட்டார். லேபிள் கொடுக்கப் போன இடத்தில் நீங்கள் அதை நேரில் பார்த்துவிட்டு நேராக என்னிடம்தான் வந்தீர்கள். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. “சோடாவக் குடிச்சே செத்துப்போனான் தங்கச்சி. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். எழுது. எல்லாத்தையும் விட்டுட்டு இத எழுது” என்றீர்கள்.

லேபுக்கு மேல் மாடியில் இருக்கும் டாக்டரிடம் இரண்டு தடவை போய்க் கேட்டேன். நாலு நாள் எழுதினேன். நம் தாளில் நாற்பத்திரண்டு வரிதான் கொள்ளும். நான் நாற்பத்தெட்டு வரி எழுதியிருந்தேன். நெஞ்சில் பாரம் ஏற்றி வைத்ததுபோல வலிக்கும், இடது கைக்கு இறங்கும், குப்பென்று வியர்க்கும், சோடா குடித்து நேரத்தைப் போக்காதே, ஓடு. இதெல்லாம் முதல் நாற்பது வரியில் வந்துவிட்டது. கடைசி எட்டு வரியில் வேறொன்று எழுதியிருந்தேன். பல வருடமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்கு நரம்பு மரத்துப்போயிருக்கலாம். அவர்களுக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம். தாடை வலிக்கும், மூச்சு வாங்கும், குமட்டும், காரணமில்லாமல் அசதி ஆளை அமுக்கும். பெண்களுக்கும் இப்படி வருவதுண்டு. அதையும் நெஞ்சு வலியாகவே நினைத்து ஓட வேண்டும். இவ்வளவுதான் அந்த எட்டு வரி.

அதை எழுதும்போது யார் என் நினைப்பில் இருந்தது தெரியுமா? நீங்கள்தான். அதற்கு முந்திய மாதம் லேபுக்கு வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. “இன்னொண்ணு எங்கன கழண்டு விழுந்துச்சோ, தெரியவே இல்ல தங்கச்சி” என்று சிரித்தீர்கள். கால் மரத்துப்போயிருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று திட்டி அனுப்பினேன். அந்த ஒற்றைச் செருப்பை நினைத்துக்கொண்டுதான் அந்த எட்டு வரியையும் எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் முத்துமாரி வந்து நின்றாள். முதல் நாற்பது வரியைத் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னாள். சோடா வந்த இடத்தில் கையை ஆட்டி நடித்தே காட்டினாள். கடைசிக்கு வந்ததும் முழித்தாள். “நெஞ்சு வலிச்சா ஆஸ்பத்திரிக்குப் போவணும். சரி. நெஞ்சு வலிக்காட்டியும் போவணும்னு போட்டிருக்கு. அப்ப எப்பத்தாங்க்கா போவாம இருக்கது?”

பிரஸே சிரித்தது. நீங்கள் சிரித்தீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பேனாவை எடுத்து எட்டு வரியையும் அடித்துவிட்டேன். அடித்தது என் கை. நீங்கள்தான் கொஞ்சம் யோசித்தீர்கள். “இது நெசந்தான தங்கச்சி? நெசத்த வெட்டலாமா?” என்று கேட்டீர்கள். “நெசந்தான். ஆனா கொழப்புது அண்ணாச்சி. அடுத்த தாள்ல தனியாப் போட்ருவோம்” என்றேன். உங்கள் சட்டத்தையே உங்களுக்குத் திருப்பிப் படித்தேன். நீங்களும் சரி என்றீர்கள்.

எட்டு வரி போனதும் கீழே இரண்டு வரிக்கு இடம் விழுந்தது. வெள்ளையாக விடுவது உங்களுக்குப் பிடிக்காது. “பயமுறுத்திக்கிட்டே வந்துட்டோம், முடிக்கயில தைரியம் சொல்ல மாதிரி ஏதாவது போடேன்” என்றீர்கள். நின்ற நிலையில் எழுதினேன், ‘நெஞ்சு வலி இல்லையென்றால் பதற வேண்டாம்’ என்று. முத்துமாரி அதை உடனே திருப்பிச் சொன்னாள். எவ்வளவு சுலபமான வரி.

அடுத்த தாள் வரவில்லையா என்றால் வந்தது. ஐப்பசி பிறந்து இடி மழை வந்ததால் இடியைப் பற்றி எழுதினோம். அதற்கடுத்து கொசு. அந்த எட்டு வரி என் மேசை டிராயரிலேயே கிடந்தது.

கயத்தாறில் டீக்கடை வைத்திருந்தவர் ஒருவர், நம் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பிரஸுக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா? நெஞ்சில் பாரமாக இருந்தபோது சோடாவுக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். பிழைத்துவிட்டார். ஒரு கிலோ கடலைமிட்டாயை உங்கள் மேசையில் வைத்துவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்தார். நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். துடைத்த கையோடு இரண்டு மிட்டாயை வாயில் போட்டீர்கள். “போன மாசம் சர்க்கரை எவ்வளவுன்னு இங்கன எல்லார் முன்னாடியும் சொல்லட்டா?” என்று கத்தினேன். “ஒரு உசிரக் காப்பாத்திருக்கோம், இன்னைக்கு ஒருநாள் சும்மா கெட தங்கச்சி” என்றீர்கள். பத்து வருடச் சர்க்கரைக்காரர் என் கண் முன்னால் உட்கார்ந்து மிட்டாய் தின்கிறார். சரியாக அவரை மட்டும் விட்டுவிட்ட ஒரு தாளை நாம் எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். எனக்கு உறைக்கவில்லையே அண்ணாச்சி. நான் என்ன படித்து என்ன கிழித்தேன்?

நீங்கள் போன தகவல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். மூன்றாம் நாள் துஷ்டி கேட்க வந்தேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “ரெண்டு நாளா கீழ்த்தாடை வலிக்குன்னாவ. படி ஏறுனா மூச்சு வாங்குதுன்னாவ. ஆஸ்பத்திரிக்குப் போவமான்னு கேட்டேன். ‘நெஞ்சு வலிக்கல, பதறாத, தாள்லயே போட்டிருக்கோம்லா’ன்னு செவத்தக் காட்டுனாவ.”

சுவரைப் பார்த்தேன். காலண்டருக்குப் பக்கத்தில் நம் தாளை ஒட்டியிருந்தீர்கள்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். மதினியின் கை என் கையில் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்து கடைசி வரிசையில் இருந்துவிட்டுப் போனேன். அதற்கப்புறம் பிரஸ் இருக்கும் தெருவுக்கே போகவில்லை. லேபிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குச் சுற்றிக்கொண்டு போனேன். மதினி இரண்டு தடவை போன் செய்தார்கள். எடுக்கவில்லை. அவர்களே பிரஸை எடுத்து நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எழுதுவதையும் விட்டுவிட்டேன். யாராவது கேட்டால் நேரமில்லை என்றேன்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கிறவனையெல்லாம் ஏன், எதற்கு என்று குடைந்தவர் நீங்கள். அந்த எட்டு வரியை நான் அடிப்பதற்கு முன்னால் படித்தவர். நெசத்த வெட்டலாமா என்று கேட்டவர். தாடை வலித்தபோது ஒரு போன், ஒரே ஒரு போன் எனக்குப் போட்டிருக்கக் கூடாதா? அச்சில் வந்ததை நம்பினீர்களே, அச்சுக்கு வராமல் போனது உங்களுக்கு எப்படி மறந்தது? எனக்கே மறந்திருந்தது என்பதுதான் பதில். அதனால் இந்தக் கோபம் உங்கள்மேல் நிற்கவே மாட்டேன் என்கிறது.

செவ்வாய்க்கிழமை அந்தப் படத்தைப் பார்த்தபின் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் லேபைப் பூட்டிவிட்டுப் பிரஸுக்குப் போனேன். டிராயரில் கிடந்த எட்டு வரியையும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

மதினி உங்கள் நாற்காலியில் இருந்தார்கள். வெட்டி வந்த லேபிள்களில் ஒன்றை எடுத்து, மை சரியாக ஏறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் லேபிளைக் கீழே வைத்தார்கள்.

“என்னட்டி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

“மதினி, ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லாமயே ரெண்டு வருசம் ஓடிருச்சே. இப்ப என்ன வந்துச்சு?”

முத்துமாரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மதினியின் குரலைக் கேட்டு, டீ வாங்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டாள். நான் கைபேசியை எடுத்து மஞ்சள் அடித்த வரியைக் காட்டினேன். அப்புறம் அந்தப் பழைய காகிதத்தை மேசையில் விரித்தேன். பேனா அடித்த கோட்டுக்குக் கீழே எட்டு வரியும் நன்றாகவே தெரிந்தது. படித்துக் காட்டினேன். யார் எழுதியது, யார் அடித்தது, ஏன் அடித்தது, எந்த இடத்தில் எல்லோரும் சிரித்தோம், கீழே மிஞ்சிய இடத்தில் என்ன எழுதினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். தாடை வலிக்கும் என்ற இடத்தில் உடைந்துவிட்டது.

மதினி அழவில்லை. காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார்கள். கட்டிங் மெஷின் இரண்டு தடவை வெட்டி நின்றது. அப்புறம் தலையைத் தூக்கி, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்கள்.

“பல்லு வலின்னு முடிவு கட்டுனது அவிய இல்ல. நான். தாடை வலிக்குன்னுதான் அவிய சொன்னாவ. கடவாப் பல்லாத்தான் இருக்கும்னு சொன்னவ நான். அம்மில கிராம்ப நுணுக்கி ஈறுல அப்பி, ‘வாயத் தெறக்காதீங்க, சாறு எறங்கட்டும், பேசாமப் படுங்க’ன்னேன். வாயத் தெறக்காதீங்கன்னேன்டி. அதுக்கப்புறம் அவிய ஒண்ணுமே சொல்லல.”

துஷ்டி வீட்டில் கிராம்பைப் பற்றி மதினி யாரிடமும் சொல்லவில்லை. நான் எட்டு வரியை மறைத்தேன், அவர்கள் கிராம்பை மறைத்திருக்கிறார்கள்.

“இல்ல மதினி, அந்த வரி தாள்ல இருந்திருந்தா நீங்க கிராம்பே வச்சிருக்க மாட்டீங்க” என்றேன்.

அப்போதுதான் அவர்களுக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு கோபத்தை மதினியிடம் நான் பார்த்ததே இல்லை. மேசையில் ஓங்கி அடித்தார்கள். “இத அன்னைக்குச் சொல்லுததுக்கு என்னட்டி? கையப் பிடிச்சுக்கிட்டுத்தான இருந்தேன்? ரெண்டு வருசமா, எம் புருசன நான் ஒருத்திதான் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். சமையக்கட்டுல கிராம்பு டப்பாவத் தொட்டது கெடையாது. போன் போட்டேன், ஒனக்கிட்டச் சொல்லத்தான் போட்டேன். நீ ஒருத்திதான் இது எதனாலன்னு சொல்லுவன்னு போட்டேன். நீ எடுக்கல!”

எட்டு வரியை வெட்டியதற்கு மதினி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை அண்ணாச்சி. போனை எடுக்காததற்குத்தான் மேசையில் அடித்தார்கள். உண்மை முழுசாகத் தெரிந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டு சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் எனக்கு என் பாரம்தான் பெரிதாகத் தெரிந்தது. நான் சொல்லாமல் விட்டது இன்னொரு வீட்டில் போய் உட்கார்ந்திருக்கும் என்று தோன்றவே இல்லை. இத்தனை தாள் எழுதியும் எனக்கு அது தெரியவில்லை.

முத்துமாரி மூன்று டீயோடு வந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவளிடமும் சொன்னோம். “அக்கா, நான் அன்னைக்குச் சிரிப்புக்குத்தான் கேட்டேன்” என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் எழுதியிருக்க வேண்டியவள் நான். வரியை அடித்துப் பதிலைத் தப்பித்துக்கொண்டேன்.

பதிலை அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். ‘நெஞ்சு வலிக்காமலும் மாரடைப்பு வரும்’ என்று ஆரம்பித்தேன். யார் யாருக்கு, எப்படி எப்படி என்று எழுதினேன். எந்த வலியென்று தெரியாவிட்டால் போ, போய் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் அது வெட்கமில்லை என்று எழுதினேன். பழைய நெஞ்சு வலித் தாளில் தப்பான வரியைப் போட்டோம், அதை நம்பி ஒருவர் இறந்துபோனார் என்றும் எழுதினேன். அந்த இடத்தில் பேனா நின்றது. மதினிதான், “எழுது, அவிய கோவிச்சுக்கிட மாட்டாவ” என்றார்கள்.

எழுதி முடித்ததும் வாங்கிப் படித்துவிட்டு, “நான் கிராம்பு வச்சதக் காணுமே?” என்று கேட்டார்கள்.

“அது எதுக்கு மதினி?”

“தாடை வலிக்கும்னு மட்டும் போட்டா எவளுக்கு உறைக்கும்? கிராம்பு வைக்காத, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு போடு. வச்சவ ஒருத்தி சொல்லுதான்னு எம் பேரையும் போடு.”

போட்டோம். கீழே என் பெயரும் இருக்கிறது. நம் தாளில் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை அச்சாகிவிட்டது. நாத்தனாருக்குப் படம் எடுத்து அனுப்பி, பழையது தப்பு, இதை அனுப்பு என்றேன். அவள் ‘சரி’ என்று போட்டாள். குழுவில் நாலு பேர்தான் திறந்து பார்த்தார்கள். புதுத் தாளில் ஒரே வரியில் மஞ்சள் அடிக்கிற மாதிரி எதுவும் இல்லை.

இன்று காலை வேறொரு குழுவிலிருந்து, முன்பின் தெரியாத யாரோ அனுப்பி, பழைய தாளே மறுபடி வந்தது. அதே மஞ்சள். பதில் போட்டேன். போட்டுக்கொண்டேதான் இருக்கப்போகிறேன், விடமாட்டேன். ஆனால் நம் இரண்டு பேரையும்விட அது வேகமாகப் போகிறது அண்ணாச்சி. அதைப் படித்துவிட்டு இந்நேரம் யார் எந்த வீட்டில் தாடையைப் பிடித்துக்கொண்டு பதறாமல் படுத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியவில்லை.